இல்லாத இருபத்தொன்பதாம் தேதி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். ஒரு வரி நிமிர்ந்தால் அடுத்த வரி படுத்துவிடுகிறது. ஆனாலும் முழுக்க என் கைதான். யாரோ எழுதிக்கொடுத்தது என்று சந்தேகப்படாதே, சந்தேகப்படுவது இப்போது என் வேலை.

மருந்துக்கடை மாடியில் நடக்கும் முதியோர் வகுப்பில் எட்டு மாதமாகப் படிக்கிறேன். முட்டிவலிக்கு நடக்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்தேன், நடந்துட்டு வர்றவருக்கு விரல்ல மை எப்படி ஒட்டும் என்று கேட்டுவிட்டாள். இப்போது கண்ணில் பட்ட போர்டையெல்லாம் படிக்கிறேன். நம் தெருத் தையல்காரர் கடையில் சொன்ன தேதியில் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷம் இது தெரியாமல் அவரிடம் பொறுமையாக இருந்துவிட்டேன்.

ஏன் படிக்கப் போனேன் என்று கேள். உன் போன கடிதத்தை வழக்கம்போல் பூதக்கண்ணாடி மாமாதான் படித்துச் சொன்னார், எங்கள் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தினாரே அவர். 2007 பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி நீ வருவதாகச் சொன்னார். குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து விரல் விட்டு எண்ணினால் இடிக்கிறது. நாற்பது வருஷம் தினசரிக் காலண்டருக்குத் தகரப் பட்டை அடித்தவன் நான், எழுத்து தெரியாவிட்டாலும் கட்டின் கனம் தெரியும். வருஷத்தை நாலால் வகுத்து மீதி வராவிட்டால்தான் பிப்ரவரிக்கு ஒரு தாள் கூடும். 2004-இல் கூடியது, இனி 2008-இல்தான். 2007-இல் ஏது இருபத்தொன்பது?

நூறு நூறாக வரும் வருஷம் மட்டும் வேறு மாதிரி, மாமா ஒருமுறை அதில் தடுக்கி விழுந்திருக்கிறார். 2000-க்கு அச்சடித்தபோது நூறாவது வருஷத்துக்கு அந்தத் தாள் கிடையாது என்று அடித்துப் பேசி, மூவாயிரம் கட்டிலிருந்து உருவ வைத்தார். முதலாளி ஓடிவந்து, யோவ், நூறுக்குக் கிடையாதுதான், ஆனா நானூறால வகுபட்டா உண்டுய்யா, 1900-க்கு இல்ல, 2000-க்கு உண்டு, பாதி கத்துக்கிட்டு வந்து என் உசிர வாங்குறியே என்று கத்தினார். மூவாயிரம் தாளையும் திரும்பச் செருகியவன் நான். அவ்வளவு பட்டவர் இந்தத் தேதியில் இனித் தப்புச் செய்ய மாட்டார், அப்படியானால் நீதான் என்னை ஏய்க்கிறாய் என்று முடிவுகட்டினேன். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் வகுப்பில் சேர்ந்தேன்.

போன ஞாயிறு உன் கடிதத்தை நானே படித்து முடித்தேன், ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நாள். அதில் தேதியே இல்லை. இந்த முறையும் லீவு இல்லை, எப்போது வருவேன் என்று சொல்லத் தெரியவில்லை அப்பா என்றுதான் இருக்கிறது. நேரே மாமா வீட்டுக்குப் போய் அவர் முன்னால் உரக்கப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், உள்ள தேதியச் சொன்னா நீ விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஸ்டாண்டுல போய் நிப்பய்யா, அதான் இல்லாத தேதியாப் பார்த்துச் சொன்னேன், நீ எண்ணிப் பார்ப்பேன்னு கண்டேனா என்றார். பழைய கடிதங்களிலும் கை வைத்தீரா என்றேன். மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும், அன்றைக்கு என்னோடு வந்து கேட்ட உன் அம்மா, எனக்கு அப்பவே தெரியும், படிக்கறப்ப அந்த மனுஷன் கண்ணு தாள்ல இல்ல, உங்க மூஞ்சியில இருந்துச்சு என்றாள்.

லீவு இல்லை என்பதை நம்புகிறேன், முக்கால்வாசி. மீதியை நேரில் வந்து சொல். 2008 வரை தள்ளாதே. வரப்போகும் 2007-இல் முந்நூற்று அறுபத்தைந்து தாள் இருக்கிறது, எல்லாம் உள்ள நாள்தான், ஒன்றை எடுத்து உன் கையால் எழுது. முடியாது என்றால் முடியாது என்றே எழுது. இனி அதையும் நானே படித்துக்கொள்வேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருங்கள். நனைந்த தலையோடு வேலைக்கு ஓடாதே. பெட்டியில் உன் பழைய கடிதங்கள் பதினொன்று இருக்கின்றன. முதல் கடிதத்தை இன்றைக்குப் பிரிக்கிறேன், நீ நிஜமாக என்ன எழுதினாய் என்று பார்க்க வேண்டும். ஒன்பது வருஷம் தாமதமாக, அதற்குப் பதில் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கைநாட்டை விட்டுவிட்ட உன் அப்பா