பிள்ளையார் காட்டிய கார்

1980 கார்த்திகை 13, வெள்ளி.

பக்கத்து வளவுச் செல்விக்குக் காலையில் பிரசவ வலி. கிளிநொச்சி ஆசுபத்திரிக்கு எங்கள் காரில் ஏற்றினோம். தனியே விடலாமா என்று அவள் வீடே கூட ஏறியது. எட்டுப் பேர். மழைச் சேற்றில், குளக்கட்டு ஏற்றத்தில், சின்ன எஞ்சின் இழுக்காமல் நின்றுவிட்டது.

"இறங்கித் தள்ளுங்கோ! இது கார், டிராக்டர் இல்லை," என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அரைமணி நேரம் தள்ளினோம்.

செல்வி பிழைத்தாள். குழந்தை அழவேயில்லை. "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால்..." என்று நேர்ஸ் இழுத்தா.

கார் வாங்குமுன் பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்த்தேன். பெரிய எஞ்சினுக்குச் சிவப்புப் பூப் பொட்டலம், சின்னதுக்கு வெள்ளை. சிவப்புத்தான் வந்தது. அது பெற்றோல் குடிக்குமே என்று, வெள்ளை வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்தேன். கலனுக்கு நாற்பது மைல் என்று நான் பார்த்தது இவர் தனியே ஓடும் கணக்கு. இங்கே யார் தனியே போகிறார்கள்? பாரம் ஏறினால் சின்னதும் அதே அளவு குடிக்கிறது.

பின்னேரம் செல்வியின் மாமி என் கையைப் பிடித்தா. "அழாதை பிள்ளை. பிள்ளையார் காட்டின காரெல்லோ. அவர் நினைச்சது நடந்திட்டுது."

"ஓம் மாமி," என்றேன்.