உரிமையாளர் பெயர் கட்டாயம்

நிலையம் 4, கோட்டைக்கழி. 2071 மார்ச் 3, காலை 7.10
தண்ணீர்: இரண்டாம் படி. பேட்டரி: 91 சதவீதம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் பிலோமினா. கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். கடல் ஊருக்குள் வந்துவிட்டது. சனங்களை மூன்று வாரத்துக்கு முன்பே மேட்டுநகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாய் பூனைகளைப் பிறகு கொண்டுவருவோம் என்றார்கள். அந்தப் 'பிறகு'க்காகத்தான் நான் மட்டும் இங்கே இருக்கிறேன்.

வேலை எளிது. வாசலில் ஓர் இரும்புச் சட்டகம் நிற்கிறது. அதைத் தாண்டும் விலங்கின் கழுத்திலுள்ள சிப்பைப் படிக்கும், உரிமையாளரை அழைக்கும், பதிலை எழுதிவைக்கும். நான் தூங்கினாலும் செய்யும். "ஆமாம்" என்று பதில் வந்தால், வாரம் ஒருமுறை வரும் ஆளில்லாப் படகில் கூண்டு உறுதி.

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு ஸ்கேனர் இருந்தது. முடிதிருத்தகத்தில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று. காணாமல்போன நாய் பொழுது சாய்வதற்குள் வீடு சேரும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன்.

இன்று மூன்று நாய், ஒரு பூனை. சிக்னல் இல்லை. அழைப்புகள் வரிசையில்.

மார்ச் 5, காலை 9.40
சிக்னல் வந்தது. முதல் அழைப்பு: எண் 0117, சீசர். உரிமையாளர் இருதயராஜ். சீசரின் பிறந்தநாளுக்குத் தெருவுக்கே பிரியாணி போட்ட மனிதர்.

பதிவான பதில்: "அது எங்க நாய் இல்ல. நம்பர் ஏதோ மாறியிருக்கும்."

நான் பக்கத்தில் இருந்து கேட்பது அவருக்குத் தெரியாது. அந்தக் குரலைக் கேட்டதும் சீசர் ஸ்பீக்கரை நக்கியது. வாலை ஆட்டிய வேகத்தில் என் டீ கவிழ்ந்தது. அவர் துண்டித்துவிட்டார். சட்டகம் ஒரு வரி எழுதியது: ஸ்பீக்கர் அருகே அசைவு, 40 நிமிடம்.

நம்பர் ஒன்றும் மாறவில்லை. அந்தச் சிப்பை ஊசியில் ஏற்றியவளே நான்தான்.

மார்ச் 9, பகல் 12.15
தண்ணீர்: மூன்றாம் படி. பேட்டரி: 74.

இதுவரை 22 அழைப்புகள். 22 'இல்லை'கள்.

"பூனையா? நாங்க பூனையே வளத்ததில்லையே." அந்தப் பூனையின் கழுத்தில் அவர் மகளின் பாசிமாலை இருக்கிறது.

"விட்டுருங்க, அது பொழச்சிக்கும்."

ஒரு பெண் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், அதன் பிறகு இல்லை என்றாள்.

காரணம் என் கணவர் சகாயம் சொல்லித் தெரிந்தது. அவரும் மேட்டுநகரில்தான் இருக்கிறார். "வீட்ல விலங்கு இருக்குன்னா மதிலுக்கு வெளியே தகரக் கொட்டகைதான் பிலோ. அதான் எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டாங்க."

கட்டிலில் கூடவே படுக்கவைத்துக் கொஞ்சியவர்கள். நாளைக்கு இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 11, மாலை 3.30
22 விலங்குகளையும் என் பெயருக்கு மாற்றிவிட்டேன்.

இது எனக்குப் புதிதில்லை. ஆறு வருடத்துக்கு முன் நடந்த சிப் முகாமில், 'உரிமையாளர் பெயர் கட்டாயம்' என்று படிவம் சிவப்பில் அடம்பிடித்தது. நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. தெருநாய்க்கு ஏது உரிமையாளர்? வெயில் வேறு. 19 தெருநாய்களுக்கும் என் பெயரையே தட்டிவிட்டேன். அதில் முதலாவது, எண் 0001, ஒரு காது மடிந்த செவலை. என் வீட்டு வாசலில் காயவைத்த கருவாட்டைத் தின்றே கருவாடு என்று பெயர் வாங்கியது. ராத்திரியெல்லாம் என் வாசலில்தான் கிடக்கும். என் நாய் என்று நான் சொன்னதில்லை. படிவம்தான் சொன்னது.

ஆக மொத்தம் 41. தகரக் கொட்டகை என்றால் தகரக் கொட்டகை. எங்கள் ஊரில் நான் ஒருத்தியாவது மனுஷியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 12, மாலை 4.30
கட்டுப்பாட்டு அறையிலிருந்து: "பிலோமினா சகாயம் பெயரில் 41 விலங்குகள் உள்ளன. குடும்பத்துக்கு ஒரு கூண்டு மட்டுமே. கூடுதல் விலங்கு உள்ளவர் படகில் ஏற இயலாது. மனிதர்களுக்கான கடைசிப் படகு நாளை. உரிமையைக் கைவிட, ஒவ்வொரு விலங்கையும் சட்டகத்தில் நிறுத்தி வாய்மொழியாக மறுக்கவும்."

சகாயம்: "ஒண்ணே ஒண்ணுன்னாலும் கொட்டகைதான். அங்க ஒரே தூசி பிலோ. இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு எனக்கு ஒரு வாரம் தாங்காது. எல்லாரும் சொன்னதத்தான சொல்லப்போற."

பிஸ்கட் பாக்கெட்டுகளை எண்ணி எடுத்துவைத்தேன்.

மார்ச் 13, காலை 10.05
தண்ணீர்: ஐந்தாம் படி.

தொடங்கிவிட்டேன். 0117, சீசர். அது என் நாய் இல்லை. 0131. அது என் நாய் இல்லை. பாசிமாலைப் பூனை. என் பூனை இல்லை.

சட்டகத்தில் நிற்பதற்காக ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தேன். அதுதான் தப்பு. நான் 'இல்லை' என்று சொன்னால் பிஸ்கட் வரும் என்று பழகிக்கொண்டன. மறுத்து அனுப்பியவையெல்லாம் திரும்பி வந்து வரிசையில் நிற்கின்றன. இன்னொரு முறை சொல்லச் சொல்லி வாலாட்டுகின்றன.

பிஸ்கட் தீர்ந்துவிட்டது.

11.50
40 முடிந்தது. கருவாட்டைக் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போய்விட்டது. படகு ஹாரன் அடிக்கிறது.

கட்டுப்பாட்டு அறை: "ஒன்று மீதி. ஏறிக்கொள்ளலாம். அது வரும்போது சட்டகம் உங்களை அழைக்கும். அப்போது பதில் சொன்னால் போதும்."

கருவாட்டுக்கு ஆமாம் சொல்வேன். சகாயத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். இருதயராஜ் இல்லை நான். படிப்பவரே, நீங்கள் சாட்சி. ஆமாம் என்றுதான் சொல்வேன்

மார்ச் 15, பிற்பகல் 2.20. தானியங்கிப் பதிவு
தண்ணீர்: நிலையத் தரை. பேட்டரி: 22.
விலங்கு எண்: 0001.
உரிமையாளர்: பிலோமினா சகாயம்.
அழைப்பு 1: எடுக்கவில்லை.
அழைப்பு 2: எடுக்கவில்லை.
அழைப்பு 3: உரிமையாளர் எடுத்தார். பின்னணியில் இருமல், 19 விநாடி.
பதில்: "அது எங்க நாய் இல்ல. நம்பர் ஏதோ மாறியிருக்கும்."
துண்டிக்கப்பட்டது.

மாலை 6.05. தானியங்கிப் பதிவு
பேட்டரி: 3.
ஸ்பீக்கர் அருகே அசைவு: தொடர்கிறது.