மாடிக் கட்டடங்களுக்கு நடுவே நம் வண்டிப்பேட்டை

சேலம் கடைவீதி,
5-7-1938

சிரஞ்சீவி அர்த்தநாரிக்கு உன் அப்பா குழந்தைவேல் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாளும் மாடு கன்றுகளும் சௌக்கியம், நீயும் பம்பாயில் சௌக்கியமாக இருக்கத் திருச்செங்கோட்டு மலையை நோக்கித் தினம் ஒரு கும்பிடு போடுகிறோம். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைத் தனியாகவும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் போன வெள்ளிக்கிழமை காலையில் கடைவீதியில் பாதிப் பேர் நான் செத்துப்போனதாக அழுதுவிட்டார்கள், யாராவது உனக்குத் தந்தி கொடுத்திருந்தால் அதைக் கிழித்துப் போடு. நாமக்கல்லில் உன் தங்கை சாரதாமணிக்குப் பெண் பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம்.

உன் கடிதமும் அதில் நீ வைத்து அனுப்பிய படமும் கிடைத்தன. நமக்கு இடப்புறம் ஜவுளிக்கடைக்கு மூன்று மாடி கட்டின அங்கமுத்து, நமக்கு வலப்புறமும் அதே உயரத்துக்கு இன்னொன்று எழுப்பிவிட்டு, நடுவில் வெளியூர் வண்டிகள் வந்து தங்கும் நம் பேட்டை மட்டும் ஓட்டுக்கூரையோடு குனிந்து நிற்பது கண்ணை உறுத்துகிறதாம், விலைக்குக் கேட்டு நான் கொடுக்காததால் அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார். அதில் கதவு பூட்டியிருக்கிறது, வாசலில் ஓர் உடைந்த சக்கரம் கிடக்கிறது, ஓர் ஆடு படுத்திருக்கிறது. பாழடைந்து கிடப்பதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், என் பாகத்தை இந்த மாதத்துக்குள் அவருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நீங்களும் விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். பம்பாயில் ஆறு மாடி, ஏழு மாடியெல்லாம் பார்த்த கண்ணுக்கு இது குப்பையாகத்தான் தெரியும். ஆனால் தம்பி, இந்தப் படம் எப்போது எடுத்தது என்று ஒரு வரி கேட்டாயா நீ? வருஷத்தில் மூன்றே நாள், வைகாசித் தேருக்கு நாம் எல்லோரும் திருச்செங்கோடு போகும்போதுதான் அந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு, அது உனக்குத் தெரியாதா? தேர் வடம் பிடிக்க நான் போன சமயம் பார்த்து எடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம், உன் மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். அப்பன் வார்த்தையைக் கேட்காமல் ஒரு அட்டையை நம்பிவிட்டாயே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வக்கீலைக் கேட்டேன், நீ உன் பாகத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதுமாம், அதை வைத்துக்கொண்டு அங்கமுத்து கோர்ட்டில் பாகம் பிரிக்கச் சொல்லி நம்மை வெளியே தள்ளிவிடலாமாம்.

படம் படத்தால்தான் தோற்கும் என்று நானும் அந்த வெள்ளிக்கிழமை காலையில் போட்டோக்காரரைக் கூட்டி வந்தேன். அவர் சாதுவான மனுஷர், மாடிகளை விட்டுவிட்டு நம் வாசலை மட்டும் எடுத்தால் அழகாக இருக்குமுங்க என்றார். அழகு யாருக்கு வேண்டும், இருபுறத்து மாடிகளும் உச்சி வரைக்கும் தெரிய வேண்டும், நடுவில் நாம் தெரிய வேண்டும், அதற்காக நீர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போம் என்று சொல்லிவிட்டேன். எதிர்ச்சாரியில் ஒரு மொட்டை வண்டியை நிறுத்தி அதன் மேல் முக்காலியை ஏற்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் கோடி வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, வாசல் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உன் அம்மாள் பட்டுப்புடவையும் தலை கொள்ளாத பூவும் மஞ்சள் குங்குமமுமாகப் பக்கத்தில் நின்றாள். மூச்சு விட்டாலும் படம் கலங்கிப் போகும், கண்ணைக்கூடக் கொட்டாதீங்க என்று போட்டோக்காரர் கத்தினார். நானும் மரக்கட்டை மாதிரி இருந்தேன்.

நம் ஊர்ப் பக்கத்தில் வீட்டு வாசலுக்குப் போட்டோக்காரர் எதற்கு வருவார் என்று உனக்குத் தெரியுமே, பெரியவர்கள் போய்விட்டால் பிணத்தை எடுப்பதற்கு முன் நாற்காலியில் சார்த்தி வைத்து ஒரு படம் பிடிப்பதற்குத்தானே. அந்த நேரம் பார்த்து ராசிபுரத்து வண்டிகள் வந்து நின்றன. நெய் கொண்டு வரும் பழனியம்மாள் என் கோலத்தையும், புருஷன் போன அன்று கடைசியாக வைத்துவிடுவது போல இருந்த உன் அம்மாளின் பூவையும் பார்த்தாள், கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என் காலில் விழுந்தாள். மழையில வந்தா ஊட்டுக்குள்ள எடங் குடுத்த சாமீ, மாட்டுக்குத் தண்ணி காட்டாம எங்களுக்குச் சோறு போடாத சாமீ, இனி நாங்க எந்த வாசல்ல போயி நிப்போம் என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். வண்டிக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார்கள். உன் அம்மாள், ஏனுங்க, அவரு உசுரோடதானுங்க இருக்காரு என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தாள், துக்கத்தில் பினாத்துகிறாள் என்று நாலு பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நானோ அசையக் கூடாது. அசையாமல் பழனியம்மாள் பாடினதை முழுக்கக் கேட்டேன். கண்ணீர் என்னை அறியாமல் வந்துவிட்டது, தம்பி, சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அதைப் பார்த்துத்தான் பழனியம்மாள், ஐயோ பொணம் அழுவுது என்று அலறிக்கொண்டு எழுந்தாள்.

இதற்குள் மாடியிலிருந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கமுத்துவே பெரிய ரோஜா மாலையோடு இறங்கி வந்துவிட்டார், முகத்தில் துக்கத்துக்குக் குறைவில்லை. வாங்க வாங்க, போடுங்க மாலையை என்று நான் எழுந்து நின்று கழுத்தை நீட்டினேன். போடாமல் இருக்க முடியாமல் மாலையைப் போட்டுவிட்டு, அங்கே நிற்கவும் முடியாமல், விறுவிறு என்று மாடிக்கே திரும்பிவிட்டார். அழுதவர்கள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒருத்தரும் போகக் கூடாது, எல்லோரும் நில்லுங்கள் என்று நிறுத்தி இரண்டாம் படம் பிடிக்கச் சொன்னேன். அதைத்தான் இதில் வைத்திருக்கிறேன். இருபுறமும் அவர் மாடிகள் உச்சி வரைக்கும் இருக்கின்றன, வேண்டுமட்டும் பார்த்துக்கொள். அந்த ஜன்னல்களில் ஒரு தலை தெரிகிறதா? நம் வாசலில் நிற்க இடமில்லாமல் வண்டி நுகத்தடி மேலெல்லாம் ஏறி நிற்கிறார்கள். நடுவில் ரோஜா மாலையோடு இருப்பவன் உன் அப்பன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், வெந்நீர் குடி, ஆபீசு நேரத்தைச் சாக்கு வைத்துப் பட்டினி கிடக்காதே. அங்கமுத்து உன் கையெழுத்துக்கு அனுப்பிய பத்திரம் இன்னும் உன்னிடம்தான் இருக்கும். கையெழுத்துப் போடாதே என்று நான் கெஞ்சப் போவதில்லை, உன் பாகம் உன்னுடையது. ஆனால் பம்பாயில் மேஜை மேல் வைத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிடாதே. ரயிலேறி வா. இந்த வாசலுக்கு வந்து, பழனியம்மாளையும் மற்றவர்களையும் கொஞ்சம் நகரச் சொல்லி இடம் கேட்டு உட்கார்ந்து, அவர்கள் பார்க்கப் போடு.

உனக்கு நீண்ட ஆயுளும் கெடாத புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அப்பா,
பேட்டை குழந்தைவேல்