கைமாறும் இடம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மிராமார் கடலோரத்தில் விடாத மழை. காலையில் ரொட்டிக்காரரின் ஹாரன் ஓய்ந்த பிறகு படியில் டக் டக். ராய்ஸ்டனின் சைக்கிள் காலணி. கழற்ற நேரமில்லை, வாசலிலேயே குழந்தை மரிசாவை வாங்கிக்கொள்கிறான், நான் ஓடக் கிளம்புகிறேன்.

"குடிச்சாச்சு, துணி மாத்தியாச்சு" என்றேன்.

"பாலத்துக்கிட்ட தண்ணி நிக்குது. பாத்து ஓடு."

கணவனும் மனைவியும் இன்று பேசியது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பயிற்சிக் குழு முழுவதும் மாப்சா வரை சைக்கிளில் போய் பாஜி-பாவ் சாப்பிட்டிருக்கிறது. படம் அனுப்பினார்கள். நடுவில் ராய்ஸ்டன், வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நேரில் பார்த்து எத்தனை நாளாயிற்று?

மரிசா பால் குடிக்கும்போது தன் காதைத் தானே பிடித்து முறுக்கிக்கொள்கிறாள். அவனிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 20

சொல்லவில்லை. மாலையில் அவன் பால்கனியில், நிற்கும் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தான். ஒன்பதுக்கு அடுத்த அறையில் படுத்துவிட்டான். தூக்கமும் பயிற்சிதான் என்கிறார் கோச் கஜெட்டன்.

செப்டம்பர் 3

கேட்டேவிட்டேன். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் நவம்பர் போட்டிக்கு இருவருமே தனித்தனியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம், மரிசா வயிற்றில் இருக்கும்போதே. இருவரும் நாள் முழுக்கப் போட்டியில் இருந்தால் அவளுக்குப் பால்? இரண்டு பேர் அணியாக மாற்றிக்கொள்ளலாம். நான் நீந்துகிறேன், நீ சைக்கிள், பிறகு நான் ஓடுகிறேன். எப்போதும் ஒருவர் அவளோடு இருக்கலாம்.

"மூணு வருஷமா ஆறு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு உசிர விடறேன், லெனி."

"நான் என்ன சும்மாவா ஓடறேன்?"

"உன்னை ஓடறத யாரு விடச் சொன்னா? நான் தனியா முடிக்கறேன். நீ அடுத்த வருஷம் பண்ணேன்."

அடுத்த வருஷமாம். குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்ற மாதிரி. துணி மடித்தேன்.

செப்டம்பர் 9

அணியாக மாற்றிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. கோச்சின் குறுஞ்செய்தியில்தான் தெரிந்தது. ஜெயித்த மாதிரி இல்லை.

அக்டோபர் 12

மழைக்காலம் முடிந்து, நீந்தக் கடலைத் திறந்துவிட்டார்கள். விடியலில் தனியாக நீந்தினேன். தண்ணீருக்குள் யாரும் பேசாதது இயல்பாக இருந்தது.

மரிசா இன்னும் புட்டியைத் தொடுவதில்லை. கீழ்வீட்டு எஃபி ஆன்ட்டி சொன்னார்: "போட்டியன்னிக்கு நான் பாத்துக்கறேன், நீ போ. பசி வந்தா பாட்டிலும் அமிர்தம்தான். இப்படி ஓடறீங்களே, பின்னாடி நாயா துரத்துது?"

நவம்பர் 10, ஞாயிறு

போட்டி. நீந்தி முடித்து மணலில் ஏறும்போதே அழுகை கேட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

அணிகள் கைமாறும் இடத்தில் ராய்ஸ்டன் தலைக்கவசத்தோடு நின்றான். என் கணுக்காலிலிருந்து நேரம் அளக்கும் பட்டையைக் கழற்றி அவன் காலில் கட்டினேன். வெல்க்ரோ ஈரத்தில் ஒட்டவே மாட்டேன் என்றது. வேலிக்கு வெளியே எஃபி ஆன்ட்டி. "தொட மாட்டேங்கறா பாட்டில! உன் பொண்ணு பெரிய ராணி!"

வெளியே ஓடி, வேலியோரம் அப்படியே உட்கார்ந்து, அவளை மார்பில் போட்டுக்கொண்டேன். உடம்பெல்லாம் உப்பு. ஆன்ட்டி துண்டைப் போர்த்தினார். அழுகை நின்றது.

நிமிர்ந்தால் — ராய்ஸ்டன் போகவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.

"போடா! நேரம் ஓடுது!"

"சார், கிளம்புங்க சார்!" என்று உதவிக்கு நின்ற மஞ்சள் சட்டைப் பையன்களும் கத்தினார்கள்.

அவன் குனிந்து வேலிக் கம்பிக்கு இடையில் பார்த்தான்.

"காத ஏன் முறுக்கறா?"

"எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

"பிறந்த ரெண்டாம் மாசத்துலேர்ந்து."

அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். எங்களுக்கு நடுவில் கம்பி. மற்ற அணிகளின் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் ஒரு பக்கம் குடித்து முடித்து, கண் செருகி, காதை விட்ட பிறகுதான் எழுந்தான்.

பிறகு அவன் மிதித்தான், நான் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் ஒரே ஓர் அணிதான் வந்தது.

நவம்பர் 11

கோச் கஜெட்டன் தொலைபேசியில் கத்தியது எனக்கும் கேட்டது. "மாத்தற எடத்துல பதினோரு நிமிஷமா? பாய் விரிச்சுத் தூங்கினீங்களா?"

"டயர்ல காத்து எறங்கிடுச்சு கோச்" என்றான் ராய்ஸ்டன், என்னைப் பார்க்காமல்.

வெட்கமா? இல்லை, அந்தப் பதினோரு நிமிடங்களை யாரோடும் பங்கிட விருப்பமில்லையா?

நவம்பர் 14, வியாழன்

ரொட்டிக்காரர் போய்விட்டார். படியில் சத்தமே இல்லை. இன்னும் வரவில்லை என்று நினைத்து மரிசாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கதவு மெல்லத் திறந்தது. வெறுங்கால். காலணி கையில். அதைச் சுவரோரம் என் ஓட்டக் காலணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

நான் ஓடக் கிளம்பியிருக்க வேண்டிய நேரம். எழுந்திருக்கவில்லை.