விசில் ஊதினால் மேலே பார்க்க வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

முழங்கால் வலி தேவலையா? அங்கே தாமுவேயில் கரண்ட் கொஞ்ச நேரமாவது இருக்கிறதா? ஜப்பான் சாப்பாடு எனக்குப் பழகிவிட்டது. தம்பி பெலிக்ஸ் வெளியே தலைகாட்டுவதில்லைதானே? பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பது இப்போதைக்கு ஓயாது என்றுதான் இங்கே நம் ஆட்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டம். அன்றைக்கு இந்த ஊரே நீலச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிடும். எங்கள் முதியோர் இல்லத்து சடோ தாத்தாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். திடீரென்று விசில் ஊதினார்கள். பட்டாளம் வருகிறது என்று நம் தெருவில் விசில் கேட்டால் செய்வது போலவே சட்டென்று என் இருக்கைக்கடியில் பதுங்கிவிட்டேன். "மேல பாரும்மா, மேல பாரு" என்று தாத்தா சிரித்தார். கூட்டத்துக்குள் பந்து வருகிறது, மேலே பாருங்கள் என்பதற்குத்தான் அந்த விசிலாம். பந்து என் காலடியிலேயே விழுந்தது. எடுத்தவருக்கே சொந்தமாம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லதா அக்கா இங்கே திரும்பி வரும்போது நீங்கள் அரைத்த மசாலாத்தூள் கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் போதும். சமைக்க இல்லை, டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கத்தான்.

"பஸ் வந்துருச்சு செலின், குடு" என்று அக்கா அவசரப்படுத்துகிறார். பந்தைத் தம்பிக்கென்று அவர் பையில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவன் சும்மா இருக்கமாட்டான், சுவரில் எறிவான், சத்தம் வெளியே கேட்கும். நீங்கள் தனியாக இருப்பதாகத்தானே தெருவில் சொல்லியிருக்கிறோம்.

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் மகள்,
செலின்