அப்பா மறைத்த குளிசை

மொன்றியல், 12.11.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் தம்பியும் சுகந்தானே? அப்பாவுக்கு முழங்கால் நோவு குறைவு.

அதற்கு மூலிகை தரும் சீன வைத்தியர் லியாங்கிடம் அப்பாவுக்காகப் பிரெஞ்சில் கதைப்பது நான்தான். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையைப் பற்றி மட்டும், "சொல்லிப்போடாதை, பேந்து மூலிகை தரமாட்டார்" என்று அப்பா தடுத்திருந்தார்.

இந்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிப் பதிவுகள் வைத்தியரின் கணினியிலும் தெரிகின்றன. நேற்று அவர் குளிசையின் பெயரைக் கண்டு பதறி, "இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியும், ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டார். அப்பா என்னிடம், "நான் உன்னட்டைச் சொன்னனான், நீதான் அவருக்குச் சொல்ல மறந்துபோனாய் எண்டு சொல்லு" என்றார். அந்தப் பொய்யையும் நானே மொழிபெயர்த்தேன், அம்மா! "மகளின் மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம்" என்று வைத்தியர் அந்தக் கணினிப் பதிவில் எழுதியதைக் கண்டேன். இனி எந்த டாக்குத்தர் திறந்தாலும் அதுதான் தெரியும்.

வைத்தியர் நிறுத்தச் சொல்லியும் அப்பா இன்று மூலிகையை அவித்துக் குடித்தார். பல் விளக்கும்போது இரத்தம் துப்பினார். அவர் நித்திரையானதும் மிச்ச மூலிகைப் பொதிகளைக் குப்பையில் கொட்டிவிட்டேன்.

நீங்கள் போன் எடுத்தால் என்னையும் கூப்பிடச் சொல்லி அப்பாவிடம் சொல்லுங்கள். உங்களுடன் கதைத்து மூன்று கிழமையாகிவிட்டது.

அப்பா இருமுகிறார், விளக்கை அணைக்கிறேன். காலையில் பொதி எங்கே என்று கேட்பார். இந்த முறை உண்மையைத்தான் சொல்வேன்.

உங்கள் மகள்,
தர்மிளா