மேல்கரையும் கீழ்க்கரையும்

இஞ்சாருங்கோ,

புட்டும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடுங்கோ. வெளிக்கிடும்போது கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு மார்க்கிரட் அக்காவிடம் கொடுங்கோ. நானும் பிள்ளைகளும் மற்ற ரயில்வேக் குடும்பங்களோடு முதல் லொறியில் கோம்பாக் ஆற்றுக்குப் போகிறோம். கந்தோர் வேலை முடிந்ததும் நீங்கள் அடுத்த லொறியில் வாருங்கோ.

விடுமுறைக்குக் கூடாரம் அடிக்க இடம் பார்த்துவிட்டு வந்து, நேற்றுச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "மேல்கரை எங்களுக்கு. தண்டவாள வேலைக்காரப் பக்கிரிசாமி வீட்டாருக்குக் கீழ்க்கரை. நாங்கள் குளிச்ச தண்ணியே அவையளுக்குக் காணும்."

நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது, தெருக்குழாயிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் சுமந்தவள் பக்கிரிசாமியின் மனைவி இராஜம்மா. கேட்காமலே வந்து சுமந்தாள். அந்தத் தண்ணீரை நீங்களும்தான் குடித்தீர்கள். நான் கும்பிடுகிற முருகன் கேட்டால் நான் என்ன சொல்ல?

நல்ல இடமாகத்தான் பார்த்திருப்பீர்கள். நீங்கள் மேல்கரையிலேயே இருங்கோ. நான் இராஜம்மாவுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கப் போகிறேன். பிள்ளைகளும் என்னோடுதான்.

இராசேஸ்வரி

மறந்துவிட்டேன்: குளிக்கிற சவர்க்காரம் உங்கள் வேட்டி மடிப்புக்குள் இருக்கிறது. பார்த்துப் பூசுங்கோ. கீழே உங்கள் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள்.